உன் அம்மாவின் கைகளில் இருந்த நீலம்

மகனே,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. வவுனியாவுக்குப் போய்வந்த வாத்தியார் ஒருவர் கொண்டுவந்து தந்தார். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவன் அதை அப்படியே போட்டுவிட்டு நிழலில் குந்தி வாசித்தேன். நாலு பக்கம். முதல் மூன்று பக்கமும் அங்கத்தைய பனி, நீ வேலை செய்யும் சாப்பாட்டுக் கடை, நீ கட்டப்போகும் பெண்பிள்ளை, மண்டபத்துக்கு நாள் எடுத்த கதை. நாலாம் பக்கத்தின் அடியில், இடம் போதாததுபோல எழுத்தைச் சின்னதாக்கி, போன வருஷம் உனக்கு மாரடைப்பு வந்ததென்று எழுதியிருந்தாய். இருபத்துநாலு வயதில். கடையின் சமையல் குசினியில் கோதுமை மாமூட்டை தூக்கும்போது நெஞ்சு நொந்து விழுந்தாயாம். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று, ஒருவரும் அடிக்காமல் குத்தாமல், தானாகவே உள்ளுக்குள் கிழிந்ததாம். உன் தோலில் ஒரு துணுக்கு வெட்டிப் பரிசோதித்துப் பார்த்து, இது பிறவியிலேயே வருவது, உடம்பைக் கட்டிவைத்திருக்கும் நார் சரியாக உருவாகாத வருத்தம், பெற்றவர் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம் என்று சொன்னார்களாம். அங்குள்ள டொக்டர் ஒவ்வொரு முறையும் உன்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறாராம்: அம்மா எப்படிச் செத்தார்? அதையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் சொல்கிறாய்: "அப்பா, இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. தங்கச்சிக்கும் வேண்டாம். அவளின்ரை கலியாணம் குழம்பிப்போகும் எண்டுதான் போன வருஷமே நான் வாய் திறக்கேல்லை."

அந்த வரியை வாசித்தபோது உன் கன்னத்தில் ஒன்று போடவேண்டும்போல் இருந்தது எனக்கு. நீ உயிர் தப்பியதற்கு மாதாவிடம் போய் முழங்காலில் நின்றிருக்கவேண்டிய நான், கோபத்தில் அன்று முழுக்கச் சாப்பிடவும் இல்லை. உன் தங்கை ஜெசிக்குக் கலியாணமாகி எட்டு மாதம். இப்போது அவள் வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. உன் டொக்டர் சொன்னதாக நீயேதான் எழுதியிருக்கிறாய்: இந்த வருத்தம் பெற்றவர்களிடமிருந்து வந்திருந்தால் கூடப்பிறந்தவருக்கும் இருப்பது பாதிக்குப் பாதி, பெண்களுக்குப் பிள்ளைப்பேறு ஆகப் பெரிய ஆபத்து, அந்த நேரத்தில் இதயக் குழாயும் கிழியலாம், கர்ப்பப்பையும் கிழியலாம். இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாய். அவளுடைய கலியாணத்தைக் காப்பாற்றினாயாம். கலியாணத்தைக் காப்பாற்றிவிட்டு, யாரை வைத்துக் குடும்பம் நடத்தலாம் என்று நினைத்தாய்?

ஆகையால் இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. திறந்தபடிதான் கொடுத்துவிடுகிறேன். வழியில் சோதனைச்சாவடியில் நிற்பவர்கள் வாசிக்கட்டும், கொண்டுவருகிறவர் வாசிக்கட்டும், உன் அறையில் உன்னோடு இருக்கிற பெடியள் வாசிக்கட்டும். நீ கட்டப்போகும் பிள்ளை கட்டாயம் வாசிக்கவேண்டும். இந்தக் குடும்பத்தில் ஒளித்து வைத்ததால் ஒரு சாவு விழுந்தாயிற்று. அதை ஒளித்தவன் நான்தான். அதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

அம்மா எப்படிச் செத்தார் என்ற உன் டொக்டரின் கேள்விக்குப் பின்னால் உன்னுடைய கேள்வியும் ஒன்று நிற்கிறது. எனக்குத் தெரியும். அங்கே போய் முதல் இரண்டு வருஷமும் நீ சவரி மாமா வீட்டில் இருந்தாய். உன் அம்மாவின் தம்பி என்னைப்பற்றி உனக்கு என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகிக்கவேண்டியதில்லை, என் முகத்துக்கு நேரேயே ஊர் கூடிய இடத்தில் சொன்னவர் அவர். நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது மரியாதை என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அது மரியாதையாக இருக்கவில்லை மகனே. நீ நம்பிவிட்டாய் என்றுதான் இருந்தது. இப்போது சொல்கிறேன், கேள். உன் அம்மாவை நான் அடித்ததில்லை. ஆனால் அவளுடைய கையில் சவரி மாமா கண்ட ஐந்து விரல் அடையாளமும் என்னுடையதுதான்.

உன் அம்மாவின் தோலை உனக்கு நினைவிருக்கும். வெயிலில் கருவாடு காயப்போடும் பெண்ணுக்கு அப்படியொரு தோலா என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். நெஞ்சிலும் முன்கையிலும் நரம்பெல்லாம் வெளியே தெரியும். விரல்களைப் பின்பக்கம் வளைத்துக் காட்டி உங்கள் இருவரையும் சிரிக்கவைப்பாள். நீயும் வளைப்பாய், ஜெசியும் வளைப்பாள், எனக்குமட்டும் வராது என்று மூன்றுபேரும் சேர்ந்து என்னைப் பகிடி பண்ணுவீர்கள். மீன் அள்ளும் ஓலைக் கடகத்தின் விளிம்பு பட்டால் போதும், அவளுடைய கையில் நீலமாகக் கண்டிப்போகும். கட்டில் கால் தட்டினால் முழங்காலுக்குக் கீழே ஒரு கிழமைக்குக் கருநீலம். கலியாணமான புதிதில் நான் பயந்துபோய்க் கேட்டதற்கு, "எனக்குச் சின்னனிலை இருந்தே இப்பிடித்தான். எங்கடை அம்மாவும் இப்பிடித்தானாம்," என்றாள். அவளுடைய தாய் சவரி மாமாவைப் பெற்ற அன்றே செத்தவ. பிள்ளைப்பேற்றில் சாகிற பெண்கள் எத்தனையோ பேர், அதைப்போய் யார் யோசித்தது? நானும் யோசிக்கவில்லை. அவளுடைய நீலமும் நெற்றியில் இருந்த மச்சத்தைப்போல அவளோடு பிறந்த ஒன்று என்று பழகிப்போனேன்.

தொண்ணூறில் சண்டையால் கரையை விட்டு எழும்பித் தண்ணீரூற்று ஊருக்கு வந்தோமே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. நீ அப்போது ஒட்டுசுட்டானில் பெரியப்பா வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தாய். கரையில் எங்கள் வீடு ஆமிக் காம்புக்குக் கிட்ட இருந்தது. ஒருநாள் நாலைந்து பெண்கள் சேர்ந்து, போய் வீட்டில் விட்டுவந்ததை எடுத்துவருவோம் என்று வெளிக்கிட்டார்கள். உன் அம்மாவும் அவர்களோடு நின்றாள். உங்கள் இருவரின் ஞானஸ்நானப் பத்திரமும் அலுமாரியில் கிடக்கிறது, அதில்லாமல் நாளைக்குப் பிள்ளைகள் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குக் கவலை. நான் மறித்தேன். அவள் கேட்கவில்லை. வாசல் படலையைத் தாண்டிக் கால் வைத்தவளை மணிக்கட்டில் பிடித்து இழுத்து நிறுத்தினேன். கோபத்தில் இறுக்கித்தான் பிடித்தேன். அவ்வளவுதான். பின்னேரம் பார்த்தால் என் ஐந்து விரலும் அவளுடைய கையில் மை பூசியதுபோலக் கிடந்தது. பத்து நாளாகியும் அது போகவில்லை.

அந்தப் பத்து நாளுக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதா கோயிலாக வைத்திருந்த கொட்டிலில் பூசை முடிந்து வெளியே வருகிறோம், சவரி மாமா அக்காவின் கையைக் கண்டுவிட்டார். அவருக்கு அப்போது இளரத்தம். "ஆர் அக்கா இது? எல்லாருக்கும் தெரியக் கையைக் காட்டு," என்றார். உன் அம்மா, "அவர் பிடிச்சவர்தான், அடிக்கேல்லையடா," என்றாள். "பிடிச்சால் இப்பிடி வருமோ? எனக்கும் பெண்சாதி இருக்கிறாள், நானும் பிடிக்கிறனான்," என்று கத்தினார். சனம் கூடிவிட்டது. அவளுடைய மற்றக் கையில் இருந்த பழைய கண்டல், காலில் இருந்தது, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இவ்வளவு காலமும் கடகம் பட்டது, கதவு பட்டது என்று அவள் சொன்னதெல்லாம் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யாகிவிட்டது. நான் நின்ற நிலையில் எரிந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் காது சுடுகிறது. ஆனால் இப்போது எனக்கு வருகிற கோபம் வேறு. பிடிச்சால் இப்படி வருமோ என்று அன்றைக்குச் சவரி மாமா கேட்டது சரியான கேள்வி. வராது. மற்றப் பெண்களுக்கு வராது. அப்படியானால் இவளுக்கு ஏன் வருகிறது? யார் அடித்தது என்று ஊர் முழுக்கக் கேட்டது. ஏன் இப்படிக் கண்டுகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. புருஷன் நானே கேட்கவில்லை.

நான் செய்தது என்ன தெரியுமா? அவளுக்கு நீளக் கை வைத்த சட்டை இரண்டு தைப்பித்துக் கொடுத்தேன். அந்த வெக்கையில், தகரம் போட்ட கொட்டிலுக்குள், மணிக்கட்டு மூடின சட்டை. அவள் அதைப் போட்டாள். கிணற்றடிக்குச் சனம் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவாள். என் மானம் அவளுடைய கையில் எழுதிக் கிடந்ததுபோல நான் அதை மூடி வைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவலையை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. நோ நெஞ்சுக்கு நடுவில் தொடங்கி இடக்கைக்கு இறங்குகிறது என்றாள். "என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இது எனக்கு விளங்காத நோவாய்க் கிடக்கு," என்றாள். ஆஸ்பத்திரி சைக்கிளில் அரைமணி நேரத் தூரம். அன்றைக்கு அவளுடைய தோளிலும் முழங்கைக்கு மேலேயும் புதுக் கண்டல்கள் இருந்தன. விறகுக்கட்டு சரிந்து பட்டது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றுவார்கள், நேர்ஸ்மார் பார்ப்பார்கள், பின்னேரத்துக்குள் சவரி மாமாவின் காதுக்குப் போகும். இது என் தலைக்குள் ஓடியது. பெண்சாதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள், நான் ஊர் வாயைப்பற்றி யோசிக்கிறேன். "ரெண்டு நாள் பொறு, கண்டல் ஆறட்டும்," என்று சொன்னேன். மகனே, உன் டொக்டருக்கு நீ எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லு. அந்த வார்த்தையை நான் சொன்னேன்.

அதற்குப் பதிலாகச் சந்தியில் டிஸ்பென்சரி வைத்திருந்தவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெரிய மனுஷர், வேட்டி கசங்காமல் வந்து கதிரையில் இருந்தார். நாடியைப் பிடித்தார். "இந்த வயசுப் பொம்பிளையளுக்கு நெஞ்சுநோ எண்டால் வாயுதான். இல்லாட்டில் பயம். இடம்பெயர்ந்து வந்ததுகள் எல்லாத்துக்கும் இதுதான் வருத்தம்," என்றார். "வாயு எண்டால் கை ஏன் ஐயா நோகுது?" என்று உன் அம்மா கேட்டாள். அவர் அவளுடைய சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கை நோகும்தானே," என்று சொல்லிவிட்டு வெள்ளை மருந்து ஒரு போத்தல் தந்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். அவர் என்னைக் குற்றவாளியாகப் பார்த்ததற்காக அல்ல. அப்படி நினைத்தவர் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கவேண்டாமா? அடிபட்ட பெண் என்று நினைத்தால் அதற்கு ஒரு மருத்துவம், நெஞ்சுநோ என்றால் அதற்கு ஒரு மருத்துவம். இரண்டையும் செய்யாமல், ஒன்றைக் காட்டி மற்றதைத் தட்டிக் கழித்துவிட்டுப் போனார். முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு இதயம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை.

நோ குறைந்தது. அவள் எழும்பிச் சமைத்தாள். எனக்கு வலு சந்தோஷம், கண்டலும் ஆறும், கதையும் முடியும் என்று. மூன்றாம் நாள் விடிய, முகம் கழுவப் போனவள் கிணற்றுக்கட்டைப் பிடித்தபடியே சரிந்தாள். அதற்குப் பிறகு நான் ஊரையும் பார்க்கவில்லை, சட்டையையும் பார்க்கவில்லை. பக்கத்து வயல் கமக்காரரின் உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் வைக்கோலைப் போட்டு அவளைக் கிடத்திக் கொண்டு ஓடினோம். ஜெசி தாயின் தலையை மடியில் வைத்திருந்தாள், அவளுக்குப் பதினொரு வயது. பாதி வழியில் உன் அம்மா, "நான் அப்பவே சொன்னனான்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

சவரி மாமா முறைப்பாடு கொடுத்தார், நான் நெஞ்சில் அடித்துக் கொன்றேன் என்று. இங்கே அதிகாரத்தில் இருந்த இயக்கத்தவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். உடம்பைச் சோதிக்க வயதான டொக்டர் ஒருவர் வெளியிலிருந்து வந்தார். களைத்த மனுஷன், கையுறைகூட இல்லாமல் பொலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொண்டு வேலை செய்தாராம். முடிந்து வெளியே வந்து என்னையும் சவரி மாமாவையும் பக்கத்தில் கூப்பிட்டார். "நெஞ்செலும்பிலை ஒரு கீறல் இல்லை. அடிச்சுச் செத்தது இல்லை. இதயத்துக்கு இரத்தம் குடுக்கிற குழாயின்ரை உள்பக்கம் வாழைமட்டை உரியிறமாதிரி உரிஞ்சு, இரத்தம் அதுக்குள்ளை புகுந்து வழியை அடைச்சிருக்கு. தானாய் நடந்திருக்கு. ஒரு கிழிவு ரெண்டு மூண்டு நாள் பழசு. இந்தத் தோலுக்கும் அதுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கவேணும்," என்றார். நான் கொலைகாரன் இல்லை என்பதுமட்டும்தான் எனக்குக் கேட்டது. சவரி மாமா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்போது அந்த டொக்டர் என்னைப் பார்த்து, "உங்கடை பிள்ளையளுக்கும் இப்பிடி லேசிலை கண்டிப்போறதோ?" என்று கேட்டார்.

நான், "இல்லை," என்றேன்.

உன் முழங்கால் எப்போதும் நீலம். ஜெசியின் கையில் ரப்பர் வளையல் இறுகிய அடையாளம்கூட இரண்டு நாள் கிடக்கும். நான் இல்லை என்றேன். ஏன் தெரியுமா? பக்கத்தில் சவரி மாமா நின்றார். ஓம் என்றால், பிள்ளைகளுக்கும் அடிக்கிறான் என்று அடுத்த கதை தொடங்கும், உங்கள் இருவரையும் என்னிடமிருந்து கொண்டுபோய்விடுவார் என்று பயந்தேன். அந்த டொக்டர், "நல்லது," என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஓம் என்றிருந்தால் அவர் ஏதாவது சொல்லியிருப்பார். யாரிடம் காட்டவேண்டும், எதற்குக் கவனமாக இருக்கவேண்டும் என்று ஒரு வரியாவது எழுதித் தந்திருப்பார். நீ மாமூட்டை தூக்கியிருக்கமாட்டாய். ஜெசி இதைத் தெரிந்துகொண்டு தன் கலியாணத்தையும் பிள்ளையையும் பற்றி யோசித்திருப்பாள். பத்து வருஷத்துக்கு முன் நான் சொன்ன அந்த ஒரு சொல்லின் மேல்தான் நீ உன் மௌனத்தைக் கட்டியிருக்கிறாய். ஆகவே உன்மேல் எனக்கு வருகிற கோபத்தில் பெரும்பங்கு என்மேல்தான். அதற்காக உன் பங்கு குறைந்துபோகாது.

வியாழக்கிழமை ஜெசியிடம் போனேன். மருமகன் அன்ரனும் இருந்தார், அவருடைய தாயாரும் இருந்தா. உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். நாலாம் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். சம்பந்தி அம்மா, "பெண் தரேக்கை இதைச் சொல்லேல்லையே," என்றா. "எனக்குத் தெரியாது. ஆனால் நான் தெரிஞ்சிருக்கவேண்டியது," என்று சொல்லி, உனக்கு இங்கே எழுதிய எல்லாவற்றையும் அவர்களுக்கும் சொன்னேன். நீளக் கைச் சட்டையைப்பற்றியும் சொன்னேன். ஜெசி அழவில்லை. "அண்ணைக்குப் போன வருஷமே தெரியுமோ?" என்றாள். ஓம் என்றேன். "நான் கூறைச் சாறிப் படம் அனுப்பேக்கை தெரியுமோ?" என்றாள். அதற்கும் ஓம். "வடிவாயிருக்கு எண்டு எழுதினவர்," என்றாள். பிறகு, "எனக்காண்டி எண்டு சொல்லி எனக்குச் சொல்லாமல் விடுறதை ஆர் இவருக்குப் படிப்பிச்சது?" என்று கேட்டாள். நான்தான் படிப்பித்தேன் என்று சொன்னேன். அன்ரன் இடையில் குறுக்கிட்டு, "மாமா, நடந்ததைப் பிறகு கதைப்பம். இப்ப எங்கை போகவேணும், என்ன செய்யவேணும்? அதைச் சொல்லுங்கோ," என்றார். அன்ரனைப் பற்றித்தான் நீ பயந்தாய், உண்மை தெரிந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று. அவர் சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போனார்.

மறுநாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இப்போது அங்கே இருக்கிறது ஒரு இளம் பெண் டொக்டர். ஜெசியின் கைகளைப் பார்த்ததும் அன்ரனைத்தான் முறைத்துப் பார்த்தா. அவர் பாவம், தலையைக் குனிந்தார். நான் முன்னுக்குப் போய், "அவர் அடிக்கேல்லை அம்மா. இவளின்ரை தாய்க்கும் இப்பிடி. தமையனுக்கும் இப்பிடி, அவனுக்கு இதயக் குழாய் கிழிஞ்சு போன வருஷம் தப்பினவன். தாய் அதிலைதான் செத்தவள்," என்றேன். பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தா. பிறகு கதிரையை இழுத்துப்போட்டு, தொடக்கத்திலிருந்து சொல்லுங்கோ என்று சொல்லி ஒரு மணித்தியாலம் கேட்டா. ஒரு மனுஷர் உட்கார்ந்து கேட்பதற்கு எங்களுக்கு இரண்டு தலைமுறை எடுத்திருக்கிறது.

கேட்டுவிட்டு அவ சொன்னதை நீ கவனமாக வாசி. இங்கே இப்படியான ஒரு பிள்ளைப்பேற்றைப் பார்க்க வழியில்லை. இரத்தம் வைத்திருக்க ஒழுங்கான மின்சாரம் இல்லை, இதயத்தைப் படம் எடுக்கும் மெசின் இல்லை, காய்ச்சல் குளிசைகூட ஆமி எண்ணித்தான் உள்ளே விடுகிறது. ஜெசி கொழும்புக்குப் போகவேண்டும், ஏழாம் மாதம் தொடங்கமுன் போகவேண்டும். அதற்கு இந்தப் பக்கம் இயக்கத்தின் பாஸ், அந்தப் பக்கம் வவுனியாவில் ஆமியின் பாஸ். ஒரு பெண் பிள்ளை பெறுவதற்கு இரண்டு தரப்பிடமும் கைகட்டி நின்று அனுமதி வாங்கவேண்டிய நாடு இது. என்ன வருத்தம் என்று கேட்பார்கள். கையில் நீலம் என்று சொன்னால் சிரிப்பார்கள், இல்லாவிட்டால் பழையபடி யார் அடித்தது என்று கேட்பார்கள். அதனால் உன்னைப் பார்க்கும் டொக்டரின் கடிதம் வேண்டும். வருத்தத்தின் பெயர், உன் தோலில் செய்த பரிசோதனையின் முடிவு, தங்கைக்கும் இருக்கலாம் என்பது, பிள்ளைப்பேற்றின் ஆபத்து, எல்லாம் இங்கிலிசில், கையெழுத்தோடும் முத்திரையோடும். நம் டொக்டர் அதை வைத்துத்தான் எழுதமுடியும் என்கிறா. இன்னொன்றும் சொன்னா: குழாய்க்குள் கம்பி விட்டுப் பார்த்தால் இன்னும் கிழியலாம் என்று அங்கே உனக்கு அதைச் செய்யப் பயந்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அதையும் உன் டொக்டர் எழுதவேண்டுமாம். கொழும்பில் தெரியாமல் யாரும் செய்துவிடக்கூடாது. வவுனியாவில் அன்ரனின் சிநேகிதன் தொலைத்தொடர்பு நிலையம் வைத்திருக்கிறான். அந்த இலக்கம் தனித் துண்டில் இருக்கிறது. ஃபக்ஸில் ஒன்று அனுப்பு, தபாலிலும் ஒன்று அனுப்பு. பெயர் தெரியக்கூடாது என்று எதையும் வெட்டாதே.

இதைச் சவரி மாமாவுக்கும் கொண்டுபோய்க் காட்டு. அவர்மேல் எனக்குக் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் அவருடைய தாய் செத்ததும் அக்கா செத்ததும் ஒரே வருத்தத்தாலாக இருக்கலாம் என்று யாராவது அவருக்குச் சொல்லவேண்டும். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். தன் கையையும் பிள்ளைகளின் கைகளையும் திருப்பி, இப்படிக் கண்டிப்போகிறதா என்று பார்க்கச் சொல்லு.

உன் கலியாணத்துக்கு வருவோம். அந்தப் பிள்ளையிடம் நீ சொல்லவேண்டும். தகப்பனிடம் அல்ல, மாமன் மாமியிடம் அல்ல, முதலில் அவளிடம். மோதிரம் மாற்றமுன் சொல்லவேண்டும். உன் பிள்ளைகளுக்கும் இது பாதிக்குப் பாதி என்பதையும் சேர்த்துச் சொல்லு. அவள் வேண்டாம் என்றால் நீ அழுவாய், நானும் இங்கே அழுவேன், அதற்குமேல் ஒன்றும் நடக்காது. ஓம் என்றால், உனக்கு நெஞ்சு நோகும்போது ஊர் வாய்க்குப் பயந்து காத்திருக்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு ஆள் கிடைக்கும். உன் அம்மாவுக்கு அந்த ஆள் கிடைக்கவில்லை. பாரம் தூக்கும் வேலையை விட்டுவிட்டாய் என்று எழுதவில்லை, அதையும் கவனித்தேன். நாளைக்கே விடு. மருந்தைத் தவறாமல் போடு. நோ வந்தால் வாயு என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு பெரிய டொக்டராக இருந்தாலும், அந்த இடத்தை விட்டு நீ எழும்பக்கூடாது.

இந்தக் கடிதத்தை ஜெசி வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். அவள் எனக்கு முன்னால் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறாள். அண்ணைக்கு என்ன எழுத என்று கேட்டேன். நல்லாய் ஏசியாச்சுத்தானே, இனிப் போதும் என்றாள். பிறகு யோசித்துவிட்டு ஒன்று சொன்னாள்: "நான் தப்பினால் நானே என்ரை பிள்ளைக்குச் சொல்லுவன். தப்பாட்டில், உனக்கும் இப்பிடி இருக்கலாம் எண்டு அண்ணை சொல்லவேணும். பெடியோ பெட்டையோ, சொல்லவேணும். கலியாணம் குழம்பும் எண்டு பாக்கக்கூடாது."

அதை நான் எழுதமாட்டேன் என்றேன். எழுதுங்கோ அப்பா என்றாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, நான் எழுதி முடிக்கும்வரை என் பேனையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். எழுதிவிட்டேன். நீ டொக்டரின் கடிதத்தை அனுப்பு.

உன் அப்பா